பெரலில் எவ்வளவு யூரியா இருக்கிறது? அமுக்கமானி, லெவல் டியூப், நீரமானி, தராசு: எதை நம்பலாம்?

ஒரு நீலப் பெரலில் யூரியாவைக் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, தெளிக்கும் நாளில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்ப்பது வசதியான முறை. கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து மரக்கறி செய்யும் இடங்களில், மூட்டையைப் பங்கு பிரிப்பதைவிடக் கரைசலைப் பங்கு பிரிப்பது சுலபம். ஆனால் பெரல் பாதியானதும் ஒரு கேள்வி வரும். மூடி சரியில்லாமல் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். இடையில் யாராவது இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இப்போது இதில் லீற்றருக்கு எத்தனை கிராம் யூரியா இருக்கிறது? குறைந்திருந்தால் தெளித்தது வீண். கூடியிருந்தால் இலை நுனி கருகும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையை விலக்கிய பிறகும் மூட்டை விலை ஏறிக்கொண்டே போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கிலோ யூரியாவைக்கூடக் கணக்கில்லாமல் விட மனம் வராது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: பெரலின் அடியில் அமுக்கத்தை அளந்தால் போதும். கரைசல் கனமாக இருந்தால் அடியில் அமுக்கம் கூடும். ஒரு மீற்றர் ஆழத்துக்கு அமுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அமுக்கப் படித்திறன். அதை ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் ஒரு கனமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்று விடை வரும். அலகு மாற்றித் தரும் இணையப் பக்கங்களும் இதையே செய்கின்றன. ஒரு பக்கம் கிலோபஸ்கால்/மீற்றர் கொடுத்தால் மறுபக்கம் கிராம்/லீற்றர் வரும்.

யோசனை தவறில்லை. ஆனால் வரும் எண் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் அதைப் பெரலில் எழுதி வைத்தால் பயிர் போய்விடும். அதனால் கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பெரலின் அடியில் ஒன்று, அதிலிருந்து 0.8 மீற்றர் மேலே ஒன்று என இரண்டு இடங்களில் அமுக்கத்தை அளந்தோம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8.21 கிலோபஸ்கால். 0.8ஆல் வகுத்தால் மீற்றருக்கு 10.2625 கிலோபஸ்கால். மாற்றிப் பார்த்தால் லீற்றருக்கு ஏறக்குறைய 1046.5 கிராம். அது யூரியாவின் அளவு அல்ல. ஒரு லீற்றர் கரைசலில் இருக்கும் தண்ணீரும் யூரியாவும் சேர்ந்த மொத்தத் திணிவு, அதாவது அடர்த்தி. அடர்த்திக்கும் திணிவுச் செறிவுக்கும் அலகு ஒன்றே என்பதால் மாற்றிக்குள் இரண்டும் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. அலகு பொருந்திவிட்டது என்பதற்காக நாம் தேடிய அளவு கிடைத்துவிட்டதாக ஆகாது.

அப்படியென்றால் தண்ணீரின் 999ஐக் கழித்துவிட்டால் மிச்சம் 47.5 யூரியாதானே என்று தோன்றும். அதுவும் இல்லை. யூரியா கரையும்போது அது தனக்கும் இடம் பிடித்துக்கொள்கிறது. ஒரு லீற்றருக்குள் யூரியா நுழைந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே போயிருக்கும். ஆகவே அடர்த்தியில் கூடுவது, போட்ட யூரியாவைவிட மிகக் குறைவு. லொறிகளின் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் அட்புளூ திரவம் இதற்கு நல்ல சாட்சி. அது திணிவில் 32.5 சதவீத யூரியா. 20 பாகை செல்சியசில் அதன் அடர்த்தி சுமார் 1090. லீற்றருக்கு ஏறக்குறைய 354 கிராம் யூரியா இருந்தும் தண்ணீரைவிட 92 கிராம் மட்டும்தான் கனம் கூடியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் அடர்த்தியில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் யூரியா சுமார் 3.85 கிராம். நம் பெரலில் இருக்கும் பலத்துக்கும் இந்த எண் நன்றாகவே பொருந்தும்.

இந்தப் பெருக்கல் எண் பொருளுக்குப் பொருள் மாறும். 10 சதவீத உப்புக் கரைசலில் அது சுமார் 1.5. 10 சதவீதச் சீனிக் கரைசலில் சுமார் 2.6. தண்ணீரில் மிதக்கும் மண் துகளுக்குச் சுமார் 1.6. அதாவது அடர்த்தி 50 கூடியிருக்கிறது என்று அமுக்கமானி சொன்னால், அது உப்பானால் லீற்றருக்கு 75 கிராம் அளவு, மண்ணானால் 80, சீனியானால் 130, யூரியாவானால் 190க்கும் மேல். உள்ளே கரைந்திருப்பது என்ன என்று அமுக்கமானிக்குத் தெரியாது. நீரமானிக்கும் தராசுக்கும்கூடத் தெரியாது. இந்தக் கடைசிப் படியை நாம்தான் போட வேண்டும், எந்த வழியை எடுத்தாலும்.

சரி, இனிக் கருவிகள்.

அமுக்கமானியை முதலில் எடுப்போம், ஏனென்றால் கேட்க நன்றாக இருந்து கையில் ஏமாற்றுவது அதுதான். தண்ணீர்க் குழாயில் பூட்டும் சாதாரண அமுக்கமானி 0 முதல் 10 பார் வரை காட்டும். அதில் ஒரு சிறு கோடே 0.2 பார், அதாவது 20 கிலோபஸ்கால். ஒரு மீற்றர் உயரப் பெரல் முழுவதும் தண்ணீர் இருந்தாலும் அடியில் 9.8 கிலோபஸ்கால்தான். முழுப் பெரலுமே அரைக் கோட்டுக்குள் அடங்கிவிட்டது. லீற்றருக்கு 200 கிராம் யூரியா போட்டாலும் அந்த 9.8இல் கூடுவது அரைக் கிலோபஸ்கால்தான். முள் அசையாது.

தண்ணீருக்குள் இறக்கும் மின் உணரிகள் உண்டு. 0 முதல் 10 கிலோபஸ்கால் வரை அளந்து, முழு அளவில் 0.5 சதவீதப் பிழை உள்ள ஒன்றை எடுத்தால், பிழை 50 பஸ்கால். ஒரு மீற்றர் ஆழத்தில் அது அடர்த்தியில் 5 கிராம், யூரியாவில் சுமார் 20 கிராம். 200 என்று நினைப்பது 180 ஆகவும் இருக்கலாம், 220 ஆகவும் இருக்கலாம். இவ்வளவு பணம் கொடுத்து இந்த விடையா என்று எனக்குப் படுகிறது. மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு உணரி வைத்தால் இரண்டின் பிழையும் சேரும்.

அதோடு மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இணைய மாற்றிகள் ஈர்ப்பு ஆர்முடுகலுக்கு 9.80665 என்ற நியம எண்ணை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அது நம்முடைய எண் அல்ல. நிலநடுக்கோட்டில் கடல் மட்டத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.780, துருவங்களில் 9.832. நாம் ஏழு பாகை வட அகலாங்கில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம் என்பதால் இன்னும் சிறிது குறையும். 9.776 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகப் பிசகாது. நியம எண்ணோடு வித்தியாசம் 0.3 சதவீதம்தான். வேறு எந்த வேலைக்கும் இதை விட்டுவிடலாம். இங்கே விட முடியாது, ஏனென்றால் நாம் ஆயிரத்தைத் தேடவில்லை, ஆயிரத்துக்கு மேல் இருக்கும் ஐம்பதைத் தேடுகிறோம். ஆயிரத்தில் 0.3 சதவீதம் என்றால் 3 கிராம். அதை 3.85ஆல் பெருக்கினால் யூரியாவில் 12 கிராம்.

மேலே பார்த்த 10.2625ஐயே 9.776ஆல் வகுத்தால் 1049.8 வரும். தண்ணீரின் 999ஐக் கழித்து 3.85ஆல் பெருக்கினால் யூரியா 196 கிராம். மாற்றி தந்த 1046.5இலிருந்து போனால் 183 கிராம். ஒரே அளவீட்டுக்கு இரண்டு விடை. கருவி சரியாகவே அளந்தது, மாற்றியும் சரியாகவே வகுத்தது, ஆனாலும் பெரலில் எழுதிய எண் தவறு. அந்த 13 கிராம் வித்தியாசம் முழுக்க முழுக்க நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதிலிருந்து வருகிறது.

இன்னொரு ஆபத்து, பழைய அலகுகளில் எண்ணைச் சுருக்குவது. குழாய் வேலை செய்பவர்கள் அடிக்கு இத்தனை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) என்று பேசுவார்கள், சுத்தத் தண்ணீருக்கு அடிக்கு 0.433. நமது 10.2625 கிலோபஸ்கால்/மீற்றரை அதற்கு மாற்றினால் 0.4537. அதை 0.45 என்று துண்டுக் காகிதத்தில் எழுதிவிட்டு, பிறகு அதிலிருந்து திரும்பவும் அடர்த்திக்குப் போனால் 1038. யூரியா 150 கிராம் என்று வரும். இரண்டு இலக்கத்தை விட்டதில் ஐந்தில் ஒரு பங்கு உரம் காணாமல் போகிறது. இந்த வழியில்தான் போவேன் என்பவர்கள் குறைந்தது நாலு இலக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அடியும் பி.எஸ்.ஐ.யும் வேண்டாம் என்பது என் எண்ணம். 1 பி.எஸ்.ஐ./அடி என்பது 22.62 கிலோபஸ்கால்/மீற்றர். அவ்வளவு பெரிய அலகில் இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பார்க்க முடியாது.

காற்றமுக்கம் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. நுவரெலியாவில் காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் படித்திறன் என்பது இரண்டு ஆழங்களுக்கு இடையிலான வித்தியாசம். மேலே இருக்கும் காற்று இரண்டிலும் சமமாக அழுத்துவதால் அது கழிந்துபோகும்.

அப்படியானால் இந்த அமுக்கப் படித்திறன் வழி யாருக்குத்தான் பயன்படும்? ஆழம் அதிகமானவர்களுக்கு. எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுபவர்கள் சேற்றின் கனத்தை அமுக்கப் படித்திறனாகத்தான் யோசிக்கிறார்கள். பல ஆயிரம் அடி ஆழத்தில் சேறு போதிய அமுக்கம் தராவிட்டால் கீழே இருக்கும் வாயு மேலே பாய்ந்துவிடும். அமெரிக்கக் கலனுக்கு இத்தனை இறாத்தல் என்ற சேற்றின் அடர்த்தியை 0.052ஆல் பெருக்கினால் அடிக்கு இத்தனை பி.எஸ்.ஐ. வந்துவிடும். அவர்களுக்கு மொத்த அடர்த்திதான் தேவை. எங்கள் பெரலுக்குத் தேவை அது அல்ல.

இப்போது லெவல் டியூப். வீடு கட்டும் இடத்தில் மேசன்மார் மட்டம் பார்க்கும் அதே தெளிவான பிளாஸ்டிக் குழாய். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஹெயாரின் உபகரணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்த் துண்டுகளை ஒரு பலகையில் நேராக நிறுத்தி, மேல் முனைகளை ஒரு மூவழி இணைப்பால் சேர்க்க வேண்டும். ஒன்றின் கீழ்முனை பீலித் தண்ணீர் உள்ள பாத்திரத்திலும், மற்றதன் கீழ்முனை கரைசல் உள்ள பாத்திரத்திலும் இருக்க வேண்டும். மேலே ஒரு பெரிய ஊசிக்குழலால் காற்றை இழுத்தால் இரண்டும் ஏறும். வாயால் உறிஞ்ச வேண்டாம், உரக் கரைசல் அது. ஏறியதும் இழுப்பதை நிறுத்தி அடைத்துவிட்டு, ஒவ்வொன்றும் தன் பாத்திரத்தின் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்க வேண்டும்.

தண்ணீர் 1000 மில்லிமீற்றர் நிற்கும்போது கரைசல் 952 மில்லிமீற்றர் நின்றால், கரைசல் தண்ணீரைவிட 1.0504 மடங்கு அடர்த்தி. 999ஆல் பெருக்கினால் 1049.4. யூரியா 194 கிராம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம், ஈர்ப்பு ஆர்முடுகல் கணக்கிலேயே வருவதில்லை. இரண்டு நிரலும் ஒரே ஊரில், ஒரே ஈர்ப்பில் நிற்கின்றன. ஹட்டனில் செய்தாலும் யாழ்ப்பாணத்தில் செய்தாலும் விடை ஒன்றுதான். கைபேசியில் அலகு மாற்றவும் வேண்டியதில்லை. பௌதிகத்தின்படி இதுவும் அமுக்கப் படித்திறனைத்தான் அளக்கிறது, ஆனால் பஸ்காலில் அல்ல, பக்கத்தில் நிற்கும் தண்ணீரோடு ஒப்பிட்டு. நியம நீர்நிரல் அலகின்படி மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் நீர்நிரல் என்பது லீற்றருக்கு 1 கிராம் அடர்த்திக்குச் சமம் என்பதும் இதனால்தான் இவ்வளவு எளிதாக இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதில் பிழை வரும். ஒவ்வொரு நிரலிலும் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அடர்த்தியில் ஏறக்குறைய 2 கிராம், யூரியாவில் 8 கிராம். விலை கூடிய மின் உணரியைவிட இது நல்லது. குழாய் மிக ஒடுங்கலாக இருந்தால் திரவம் விளிம்பில் தானாக ஏறி ஏமாற்றும், 8 மில்லிமீற்றராவது உள்விட்டம் இருக்கட்டும். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாயின் வளைவில் ஒளிந்திருக்கும் ஒரு குமிழி பலநேரம் பார்வைக்குத் தெரியாது, அதனால் பலகையைத் தட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது.

நீரமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது வேலை செய்யும், நம்பலாம். மிதக்கும் கண்ணாடிக் குழல், கழுத்தில் அளவுகோல். மிதப்பு என்பதால் இதிலும் ஈர்ப்பு கழிந்துபோகும். 1.000 முதல் 1.100 வரை உள்ளதைத் தேட வேண்டும். வாகன கராஜில் பற்றரி பார்க்க வைத்திருக்கும் நீரமானி பெரும்பாலும் 1.100இல்தான் தொடங்கும், நம் கரைசல் அந்த உயரத்துக்கு வராது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பாலில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்று பார்க்கப் பயன்படும் மெட்ரோலாக்கும் ஒரு நீரமானிதான். அதில் அடர்த்திக்குப் பதிலாக இறப்பரின் அளவையே நேராக எழுதியிருப்பார்கள். அந்தக் கடைசிப் படியை, அதாவது பொருளுக்குரிய மாற்றத்தை, அளவுகோலைச் செய்தவரே போட்டுக் கொடுத்துவிட்டார். யூரியாவுக்கு அப்படி ஒன்று கையில் இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. மெட்ரோலாக்கை யூரியாவில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்த எண்கள் இறப்பருக்கு மட்டும்.

நீரமானியில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. பெரும்பாலானவை 20 பாகைக்கென்று செய்யப்பட்டவை. சில பழையவை 15 பாகைக்கு. சுத்தத் தண்ணீரே 10 பாகையில் 999.7, 15 பாகையில் 999.1, 20 பாகையில் 998.2, 28 பாகையில் 996.2. நுவரெலியாவில் மார்கழி தை மாதத்துக் காலையில் பெரல் 10 பாகையில் இருக்கும். தகரக் கூரைக்கடியில் மதியம் 28 பாகைக்கும் போகும். காலைக்கும் மதியத்துக்கும் தண்ணீரில் மட்டுமே 3.5 கிராம் வித்தியாசம். யூரியாவில் அது 13 கிராமாகத் தெரியும். காலையில் ஒருவர், மதியம் ஒருவர் பார்த்துவிட்டு, பெரலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சண்டை வருவதற்கு இதுவே போதும். இதற்கு ஒரே மருந்து, அதே நேரத்தில், அதே வெப்பநிலையில் சுத்தத் தண்ணீரிலும் ஒரு முறை மிதக்கவிட்டுப் பார்த்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது.

யூரியாவைப் புதிதாகக் கரைத்த உடனே எந்த வழியிலும் அளக்கக் கூடாது. கரையும்போது அது சூட்டை உறிஞ்சி, தண்ணீரை நன்றாகவே குளிரவைக்கும். பெரலைத் தொட்டாலே தெரியும். குளிர்ந்த கரைசல் தன் உண்மையான பலத்தைவிடக் கனமாகக் காட்டும். மறுநாள் கலக்கிவிட்டு அளப்பதுதான் முறை.

அப்புறம் தராசு. என் தெரிவு இதுதான், பெரல் வைத்திருக்கும் எவருக்கும். கழுத்து ஒடுங்கிய கண்ணாடிப் போத்தல் ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் இலத்திரன் தராசு ஒன்று. கழுத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் போத்தல், கோடு வரை தண்ணீர், கோடு வரை கரைசல் என மூன்று நிறை. உதாரணமாக 482, 1247, 1286 கிராம் என்று வந்தால், தண்ணீர் 765, கரைசல் 804. விகிதம் 1.0510. 999ஆல் பெருக்கி 999ஐக் கழித்தால் 50.9. அதை 3.85ஆல் பெருக்க 196 கிராம். போத்தலின் கனவளவு எவ்வளவு என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. தராசு கொழும்பில் சரிபார்க்கப்பட்டதா, இங்கே சரிபார்க்கப்பட்டதா என்பதும் பொருட்டில்லை, ஒரே தராசின் ஒரே பிழை மேலும் கீழும் வந்து கழிந்துபோகும். பீலித் தண்ணீரில் கரைந்திருக்கும் சிறிதளவு உப்புகளும் அப்படியே கழியும், கரைசல் தயாரித்த அதே தண்ணீரை ஒப்பீட்டுக்கு எடுத்தால். பிழை 5 முதல் 10 கிராம் யூரியா. லீற்றருக்கு 200 கிராம் கரைசலில் அது பயிருக்குத் தெரியாத வித்தியாசம்.

பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம். கையில் பிடிக்கும்போதே நசுங்கிக் கனவளவு மாறும். இதை விட்டால் தராசு வழியில் தவறு செய்ய இடம் குறைவு.

பொலித்தீன் கூடாரத்தில் பயிர் செய்பவர்கள் கரைசலின் மின்கடத்துதிறனை அளக்கும் இ.சி. மீற்றரை நீட்டுவார்கள். மற்ற உரங்களுக்கு அது அருமையான கருவி. யூரியாவுக்கு மட்டும் அது குருடு. யூரியா கரைந்தாலும் அயன்களாகப் பிரிவதில்லை, ஆகவே மின்சாரம் கடத்தாது. லீற்றருக்கு 200 கிராம் யூரியா போட்டாலும் மீற்றர் ஏறக்குறைய வெறும் தண்ணீரின் எண்ணையே காட்டும். யூரியாவோடு பொட்டாசியம் உரமும் கலந்த பெரலில் அது பொட்டாசியத்தை மட்டும் பார்க்கும். அங்கே அடர்த்தி வழியும் தடுமாறும், இரண்டு பொருளும் சேர்ந்து கனத்தைக் கூட்டுவதால். ஒரு பெரலில் ஒரு உரம் என்று வைத்துக்கொள்வது அளப்பதற்கும் நல்லது. பழத்தின் இனிப்புப் பார்க்கும் பிரிக்ஸ் மானியும் யூரியாவைக் காணும், ஆனால் அதன் அளவுகோல் சீனிக்கு. நாமே தெரிந்த பலத்தில் நாலைந்து கரைசல் செய்து ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் பயன்படும், இல்லாவிட்டால் வேண்டாம்.

அளவீடு எல்லாம் சரியாக இருந்தும் எதிர்பார்த்த எண் வராமல் போகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. 50 கிலோ மூட்டையை 250 லீற்றர் தண்ணீரில் கொட்டினால் லீற்றருக்கு 200 கிராம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அப்படி வராது. 50 கிலோ யூரியா தானும் ஏறக்குறைய 37 லீற்றர் இடம் பிடிக்கும். மொத்தம் 287 லீற்றர் ஆகும், பலம் 174 கிராம். தராசு 174 என்று காட்டினால் தராசு சரி. 200 வேண்டும் என்றால் யூரியாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, மொத்தம் 250 லீற்றர் கோடு வரும் வரை தண்ணீர் சேர்க்க வேண்டும்.

கரையாத பொருளுக்கு ஒப்பீடு மாறிவிடும். டொலமைற் தூளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுபவர்களுக்கு அடர்த்தியில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் டொலமைற் சுமார் 1.54 கிராம். இதில் போத்தல் வழிக்கு ஒரு தடை, கோடு வரை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே தூள் அடியில் இறங்கத் தொடங்கிவிடும், ஊற்றியது பெரலின் எந்த மட்டத்துக் கலவை என்று தெரியாது. அமுக்கப் படித்திறன் இங்கேதான் கொஞ்சம் மதிப்புப் பெறுகிறது. துகள்கள் தண்ணீரில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்வரை அவற்றின் பாரத்தைத் தண்ணீர்தான் சுமக்கிறது, அமுக்கமும் அதைக் காட்டும். அடியில் போய்ப் படிந்தபிறகு அந்தப் பாரத்தைப் பெரலின் தரை தாங்குகிறது, அமுக்கம் வெறும் தண்ணீரின் அளவுக்கு இறங்கிவிடும். கலக்கியதிலிருந்து எவ்வளவு நேரம் தூள் மிதந்து நிற்கிறது என்பதை, மேலும் கீழும் வைத்த இரண்டு உணரிகளில் அமுக்கம் இறங்குவதை வைத்துப் பார்க்கலாம். உயரமான தாங்கியும் நல்ல உணரியும் உள்ள இடத்துக்கு மட்டும் இது சரி. சாதாரணமாக, நன்றாகக் கலக்கிய உடனே ஒரு லீற்றர் எடுத்து, வடித்து, காயவைத்து, நிறுப்பதே நம்பகமானது.

சாணக் கரைசல், இலைதழை ஊறவைத்த திரவ உரம் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அவற்றின் துகள்கள் தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கின்றன, நொதித்து வரும் வாயுக் குமிழிகள் அடர்த்தியைக் குறைத்தும் காட்டும். அடர்த்தியிலிருந்து செறிவுக்குப் போகும் பாதையே அங்கே இல்லை.

யூரியாப் பெரலும் எப்போதாவது அந்த நிலைக்குப் போகும். நெடுநாள் திறந்து கிடந்து, மண்ணோ சாணமோ விழுந்து, மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாசம் வந்தால், யூரியா உடையத் தொடங்கிவிட்டது. 3.85 அதற்குப் பொருந்தாது, தராசு எவ்வளவு அழகான எண்ணைத் தந்தாலும் அதைப் பெரலில் எழுத வேண்டாம். அப்படிப்பட்டதை இலைமேல் தெளிக்காமல், நிறையத் தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் வேர்ப்பக்கம் ஊற்றி முடித்துவிட்டு, பெரலைக் கழுவிப் புதிதாகக் கரைப்பதுதான் நல்லது.